ஆட்டிசம் உள்ள குழந்தையின் குடும்பத்துக்கு உரியவை: சான்றிதழ் முதல் பாதுகாவலர் ஆணை வரை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. ‘பராமரிப்பவர்’ யார் என்பதையும் அச்சட்டம் வரையறுக்கிறது: ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளியைக் கவனித்துக்கொள்பவர், பெற்றோரும் குடும்பத்தினரும் உட்பட, பராமரிப்பவரே. பிள்ளைக்கான உதவியைத் தேடி அலையும் பெற்றோரில் பலர் தங்கள் பெயரிலேயே இருக்கும் சலுகைகளைக் கேட்காமல் விட்டுவிடுவதால், இரண்டையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற ஐயம் எழுந்தவுடன், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குக் காத்திராமல், அரசு மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் செல்லலாம். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கே பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் ஆரம்பநிலைப் பயிற்சி அளிக்கிறது.

சலுகைகளுக்கோ சான்றிதழ் கட்டாயம். யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகு, அரசு மருத்துவமனையில் குழந்தையை மதிப்பிடுவார்கள். இதற்கென உள்ள இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 70 முதல் 106 வரை இருந்தால் லேசான நிலை, 107 முதல் 153 வரை மிதமான நிலை, அதற்கு மேல் தீவிர நிலை. கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, கேட்ட சொல்லையே கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொல்கிறானா, பிற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா என்று உளவியலாளர் கேட்கும்போது, பெருமை விட்டுக்கொடுக்காமல் “எல்லாம் செய்வான்” என்று சொல்லிவிடும் தாய்மார்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையைப் புகழ்வதால் மதிப்பெண் குறைந்து, சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பே கைநழுவிப் போகக்கூடும். வீட்டில் நடப்பதை நடந்தபடியே சொல்ல வேண்டும். முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசம் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்றும் குறிப்பிடப்படுவதுண்டு. பெற்றோரின் மனத்தைக் குத்தும் பெயர்தான். ஆனாலும் படிவத்தில் அது கண்ணில் பட்டால் உங்கள் பிள்ளைக்குரிய கட்டம் அதுவே என்று அறிந்துகொள்ளுங்கள்.

குடும்பத்தின் கையைக் கடிக்கும் செலவு, வாரந்தோறும் கட்டும் தெரபிக் கட்டணம். அதற்கு ஓரளவு கைகொடுப்பது நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. அந்த அறக்கட்டளைதான் இதை நடத்துகிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வயது வரம்பும் முன்பரிசோதனையும் இல்லை. பொதுவான காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கும் பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி) போன்ற தொடர் தெரபிகளையும் இது ஏற்கிறது என்பதே இதன் தனிச்சிறப்பு. ஆனால் 1 லட்சமும் தெரபிக்கே என்று எண்ணிவிடக் கூடாது. வெளிநோயாளர் சிகிச்சை, தெரபி, அறுவைச் சிகிச்சை என ஒவ்வொரு தலைப்புக்கும் தனி உச்சவரம்பு உள்ளது. பணத்தை நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற முடியும். எனவே மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, குழந்தையின் பெயர், தேதி, தெரபியின் வகை, எத்தனை அமர்வு என்ற விவரம், கையெழுத்து, முத்திரை ஆகியவை உள்ள அசல் ரசீதுகளைச் சேர்த்துவைக்க வேண்டும். “தெரபி – 1 மாதம்” என்று மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டை நம்பிப் பயனில்லை. காப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடிவதால் புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, பெற்றோரின் பங்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியர், வழக்கமான சுழற்சிமுறை இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோரலாம். தெரபிஸ்டும் பள்ளியும் பழகிய ஊரை விட்டுப் பெயர்ந்தால் பிள்ளை பின்னுக்குப் போய்விடும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட ஆணை அது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கும் தனித்து வாழும் தந்தையருக்கும் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. குழந்தை மாற்றுத்திறனாளியாயின் 18 வயது வரம்பு பொருந்தாது. வருமான வரிக்கான வருமானத்தில் கழித்துக்கொள்ளக்கூடிய, 80டிடி பிரிவு என்று பழகிப்போன கழிவு 75,000 ரூபாய். குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாய். செலவு எவ்வளவு ஆயினும் தொகை மாறாது. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும்.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தை, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறலாம்.

பிள்ளைக்கு 18 வயது நிறையும்போது, பலர் எதிர்பாராத ஒன்று நேர்கிறது. அன்று முதல் சட்டத்தின் பார்வையில் அவர் வயதுவந்தவர். தாயும் தந்தையும் தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. வங்கியிலோ சொத்துப் பதிவிலோ அவர் சார்பில் பெற்றோர் கையெழுத்திட முடியாமல் நிற்க நேரும். தேவைப்படும் குடும்பங்கள், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்கீழ் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆணை பெறலாம். நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. ஆணை பெற்றவர் 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, கடன் பட்டியலைக் குழுவிடம் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். பெற்ற தாயாக இருந்தாலும் இதிலிருந்து விலக்கில்லை.