முதலில் வோல்டேஜ், அப்புறம்தான் வேகம்

செல்போன் திரையைப் படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே பிராசசர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். விரலால் பக்கத்தைத் தள்ளியதும் அதற்குத் திடீரென்று வேலை குவிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே வேகத்தில் ஓடினால் பேட்டரி தாங்காது. அதனால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் நொடிக்குப் பல முறை பிராசசரின் அதிர்வெண்ணை, அதாவது அதன் கடிகாரத் துடிப்பின் வேகத்தை, ஏற்றி இறக்குகிறது. லினக்ஸ் கெர்னலில் இதைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு சிபியுஃப்ரீக் என்று பெயர்.

வேகத்தைக் குறைத்தாலே மின்சாரம் மிச்சம் என்று நினைப்பது பாதிதான் சரி. சிப்பில் உள்ள நுண்ணிய சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்கள் இயங்கச் செலவாகும் திறன், அதிர்வெண்ணுக்கும் வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் திறன் பாதியாகும், ஆனால் வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். மொத்த ஆற்றல் அப்படியேதான் இருக்கும். லாபம் வோல்டேஜில் இருக்கிறது. 2 கிகாஹெர்ட்ஸுக்கு 1 வோல்ட் வேண்டும், 1 கிகாஹெர்ட்ஸுக்கு 0.8 வோல்ட் போதும் என்று வைத்துக்கொள்வோம். 0.8-இன் வர்க்கம் 0.64. அதே வேலை 36 சதவீதம் குறைந்த ஆற்றலில் முடிகிறது. டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போதும் வீணாகும் கசிவு மின்சாரம் தனிக்கணக்கு. அது அதிகமாக உள்ள சிப்பில், வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப்போவதே மேல்.

எந்த அதிர்வெண்ணுக்கு எந்த வோல்டேஜ் என்ற பட்டியல், வன்பொருளை இயக்கும் கெர்னல் பகுதியான டிரைவரின் கையில் இருக்கும். அதைப் பயன்படுத்தும் வரிசைதான் முக்கியம். வேகத்தை ஏற்றும்போது முதலில் வோல்டேஜை உயர்த்தி, அது நிலைபெற்ற பிறகே அதிர்வெண்ணை ஏற்ற வேண்டும். இறக்கும்போது நேர்மாறாக, அதிர்வெண் முதலில், வோல்டேஜ் பிறகு. வரிசை மாறினால், அடுத்த கடிகாரத் துடிப்பு வருவதற்குள் டிரான்சிஸ்டர்கள் மாறி முடித்திருக்காது. கணினி உறைந்துபோனால்கூடப் பரவாயில்லை, பிழை உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஒரு கணக்கு தவறாகிப்போவதுதான் பயங்கரம்.

சரி, எவ்வளவு வேகம் வேண்டும் என்று யார் சொல்வது? கவர்னர் என்ற இன்னொரு அடுக்கு. பழைய ஆன்டிமாண்ட் கவர்னர் குறிப்பிட்ட இடைவெளியில் எழுந்து, பிராசசர் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்று பார்க்கும். 2016-இல் லினக்ஸ் 4.7-உடன் வந்த ஷெட்யுடில் கவர்னர், எந்தப் பணி எப்போது ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரிடமே நேராகக் கேட்கிறது. எந்தப் பணி எவ்வளவு பிராசசரைத் தின்கிறது என்பது ஷெட்யூலருக்குத்தானே தெரியும்! அந்தப் பயன்பாட்டு அளவோடு 25 சதவீதம் கூட்டி வேகத்தைக் கேட்கும். உச்சம் 2 கிகாஹெர்ட்ஸ், தேவை அதில் 60 சதவீதம் என்றால் 1.5 கிகாஹெர்ட்ஸ். அந்தக் கூடுதல் இடம் திடீர்த் தேவைக்கு.

ஷெட்யூலர் வைத்திருக்கும் கணக்கோ கடந்தகாலத்தைப் பற்றியது. 32 மில்லிநொடிக்கு முந்தைய உழைப்புக்குப் பாதி மதிப்புதான். தூங்கிக்கொண்டிருந்த பணி எழுந்து முழுமூச்சாக ஓடினாலும், அதன் கணக்கு பாதியை எட்டவே 32 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் அதற்குள் கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம்கள் போய்விடும், கண் அந்தத் திணறலைப் பிடித்துவிடும். அதனால்தான் 'இந்தப் பணிக்குக் குறைந்தது இவ்வளவு தேவை என்று எடுத்துக்கொள்' என்று முன்கூட்டியே சொல்லும் வசதி கெர்னலில் சேர்க்கப்பட்டது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. ஊகம் எட்டாத இடத்தில், விஷயம் தெரிந்த ஆப்பையே பேசவிடுகிறது.

இன்டெல் 2015-இல் ஸ்கைலேக் பிராசசர்களில் இன்னொரு வழியில் போனது. அங்கே வேகத்தை வன்பொருளே தேர்ந்தெடுக்கும். கெர்னல் டிரைவர் கீழ்வரம்பு, மேல்வரம்பு, 0 முதல் 255 வரை ஒரு விருப்ப எண் ஆகியவற்றைத் தருவதோடு சரி. 0 என்றால் வேகமே முக்கியம், 255 என்றால் சிக்கனமே முக்கியம்.

இதில் ஒரு சிக்கல். பிராசசர் பாதி வேகத்தில் ஓடிப் பாதி நேரம் வேலையில் இருந்தால் உண்மைப் பயன்பாடு கால்பங்குதான். ஓடிய வேகம் தெரியாத ஷெட்யூலர் அதைப் பாதி என்று எண்ணிவிடும். அதற்காகவே பிராசசருக்குள் இரண்டு எண்ணிகள் உண்டு. ஒன்று மாறாத வேகத்தில் எண்ணும், மற்றது உண்மையில் ஓடும் வேகத்தில் எண்ணும். 2020-இல் வந்த லினக்ஸ் 5.7 முதல், இவற்றின் விகிதத்தைக் கொண்டு எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளிலும் ஷெட்யூலர் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.