ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளையின் மனநலம்: சட்டமும் திட்டங்களும் தருவது என்ன?

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதுவரை ஓரிரு ஆசிரியர்களின் கண்பார்வையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளி, பாடத்துக்கு ஓர் ஆசிரியர், புதிய கூட்டாளிகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. பருவ வயதும் அதே சமயத்தில்தான் வந்து நிற்கிறது. முகம் வாடியிருந்தால் “என்னடா?” என்று கேட்க முன்பு ஒரு டீச்சர் இருந்தார். இப்போது அது யார் பொறுப்பு என்பதே தெளிவாக இருப்பதில்லை.

சாப்பாட்டில் கூட ஒரு மாற்றம் வருகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டபோது 1 முதல் 5ஆம் வகுப்பு வரை என்றே வகுக்கப்பட்டது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. எனவே ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே காலை உணவு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது பெரிய அநியாயம்.

பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டியது, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009. இது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அதாவது எட்டாம் வகுப்பு வரை, இது பொருந்தும். இதன் 17ஆவது பிரிவு எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தளவில் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். தனியார் பள்ளி என்பதால் இந்தப் பிரிவிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது.

அடிக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். மனத்துன்புறுத்தலும் அதே பிரிவில், அதே வரியில் இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் இதை விரிவாகவே சொல்கின்றன. பெஞ்சின் மேல் ஏறி நிற்கவைப்பது, முட்டி போடவைப்பது, புத்தகப் பையைத் தலையில் சுமந்து நிற்கவைப்பது, கிள்ளுவது, வகுப்பறையிலோ கழிப்பறையிலோ தனியே அடைத்துவைப்பது எல்லாமே உடல் தண்டனை. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, சாதியையோ பெற்றோரின் தொழிலையோ இழுத்துப் பேசுவது, குடும்பத்தாரின் நோயைச் சொல்லிக் கேலி செய்வது, மதிப்பெண் குறைந்ததற்காக வகுப்பு முழுவதற்கும் முன்னால் மட்டம் தட்டுவது எல்லாம் மனத்துன்புறுத்தல். “ரோஷம் வந்து படிக்கட்டும் என்றுதான் திட்டினேன்” என்ற சமாதானத்துக்கும் இடமில்லை. அவமானப்படுத்தி ஊக்குவிப்பதையும் அந்த வழிகாட்டுதல்கள் துன்புறுத்தல் என்றே கணக்கில் எடுக்கின்றன. இவற்றை நடைமுறைப்படுத்தும்படி பள்ளிக் கல்வித் துறைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது.

பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அடிக்க உரிமை வந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51ஆவது விதி 2003இலேயே திருத்தப்பட்டு, பள்ளிகளில் இத்தகைய தண்டனைக்குத் தடை விதிக்கப்பட்டது.

“இந்த வருஷம் ஃபெயில்தான்” என்ற மிரட்டலும் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத முறையே தொடரும் என்று தமிழ்நாடு அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. தேர்ச்சி பெறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடம் தரும்படி ஒன்றிய அரசு தன் விதிகளைத் திருத்தியதை அடுத்து வந்த அறிவிப்பு அது. எனவே ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த மிரட்டல் வேண்டவே வேண்டாம்.

கேட்டுப் பெற வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் 2020 பிப்ரவரியில் பள்ளிச் சுகாதார நலத் திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இதற்கெனப் பயிற்சி பெற்று, வாரத்துக்கு ஒரு மணி நேரம் செயல்பாடுகள் வழியாக வகுப்பு நடத்த வேண்டும். மொத்தம் 11 தலைப்புகள். உணர்வுகளும் மனநலமும், பிறருடன் பழகும் முறை, போதைப் பழக்கத்தைத் தவிர்ப்பது, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது ஆகியவை அவற்றில் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவையெல்லாம் கணக்குக்கும் அறிவியலுக்கும் சற்றும் குறையாத பாடங்கள் என்பது என் உறுதியான எண்ணம். பாடம் முடிக்க நேரம் போதவில்லை என்று முதலில் பறிபோவதும் இப்படிப்பட்ட வகுப்புதான். உங்கள் பள்ளியில் அந்த இருவர் யார், எந்தக் கிழமையில் வகுப்பு நடக்கிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

புகார் என்று வந்தால், நடந்ததைத் தேதி, இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி முதலில் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது அன்றோடு போய்விடும். பலன் இல்லையென்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். அது மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் நிறைவில்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

உடனே பேச வேண்டிய நிலை வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. இதில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால், எப்படி அணுகுவது என்று பெற்றோரே இந்த எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.