உச்சி என்பது பாதி வழிதான்

மலையேற்றக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை எல்லோரையும் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பேன்: "நாளை எத்தனை மணிக்கு ஷூவைக் கழற்றப் போகிறோம்?" பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. உச்சியை எப்போது தொடுவோம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள்.

ஒரு முழு நாளைப் பிடிக்கும் ஏற்றத்துக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது: 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உச்சி 8 கி.மீ. தூரத்தில், 1,200 மீட்டர் ஏற்றத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அவர் கணக்குப்படி ஏற மூன்றரை மணி நேரம் போலத்தான் ஆகும். ஆனால் அது நல்ல உடல்வாகு உள்ளவர் ஓய்வில்லாமல் நடக்கும் கணக்கு. என் அனுபவத்தில் கலவையான குழு என்றால் ஒன்றரை மடங்கு போட வேண்டும், அதாவது ஐந்தரை மணி நேரம். இறக்கத்துக்கு அதில் முக்கால் பங்கு, நான்கு மணி நேரம். சூரியன் ஆறு மணிக்கு மறைகிறது, கையிருப்பாக இரண்டு மணி நேரம் வேண்டும் என்றால் நான்கு மணிக்குள் கீழே இருக்க வேண்டும். அப்படியானால் பன்னிரண்டு மணிக்கு, எங்கே நின்றுகொண்டிருந்தாலும் சரி, திரும்பிவிட வேண்டும். கிளம்புவது ஆறுக்குப் பிந்தக் கூடாது.

இந்தத் திரும்பும் நேரத்தை வீட்டிலேயே தாளில் எழுதிவிடுங்கள். மேலே போன பிறகு முடிவு செய்யலாம் என்றால் முடியாது. களைத்த மூளையும் கண்ணெதிரே தெரியும் உச்சியும் சேர்ந்து உங்களை ஏமாற்றிவிடும். நானே ஏமாந்திருக்கிறேன். ஏழு பேர் கொண்ட குழு, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, உச்சி இருபது நிமிடத்தில் வந்துவிடும்போல் தெரிந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று ஒருவர் இழுத்தார். சரி என்றேன். அந்த இருபது நிமிடம் ஐம்பதாயிற்று. படம் எடுக்க அரை மணி. இறங்கும்போது ஒருவர் நொண்ட ஆரம்பித்தார். சாக்ஸைக் கழற்றினால் குதிகால் தோல் அதோடு சேர்ந்தே வந்தது. ஏறும்போதே எரிந்ததாம், குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. சூடாக உணர்ந்த அந்த நேரத்திலேயே பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. கடைசி இரண்டு கி.மீ. இருட்டில். ஏழு பேருக்கு இரண்டே நெற்றி விளக்கு. மற்றவர்கள் போன் வெளிச்சத்தில் வந்தார்கள், அதில் ஒரு போனில் 6 சதவீதம் சார்ஜ். எல்லோரும் பத்திரமாக இறங்கியதில் என் திறமை எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஆளுக்கொரு நெற்றி விளக்கு இல்லாமல் நான் நகர்வதில்லை, பகல் ஏற்றம் என்றாலும்.

இறக்கம் சுலபம் என்று நினைக்காதவர் குறைவு. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அது களைத்ததும் முழங்கால் நடுங்கும், கால் வைக்கிற இடம் தவறும். பயிற்சிக்குப் படிக்கட்டு ஏறுகிறவர்கள் லிஃப்டில் இறங்காதீர்கள், இறங்குவதும் பயிற்சிதான். ஷூ புதிதாக இருக்க வேண்டாம். கால் நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும்.

தண்ணீர், மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இன்னும் கூடும். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் உடலில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதனால் உப்புள்ள ஏதாவது அவ்வப்போது வாயில் போட வேண்டும்.

அப்புறம் குளிர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டியவர் உச்சியில் காற்று அடிக்கும்போது அதே நனைந்த பருத்திச் சட்டையோடு நிற்பார். உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைவதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை, ஈரமும் காற்றும் போதும். கலகலப்பாக வந்தவர் திடீரென்று பேச்சைக் குறைத்தாலோ, நா குழறினாலோ, ஜிப்பை இழுக்கத் தடுமாறினாலோ உடனே கவனியுங்கள். ஈர உடையை மாற்றி, மழைக்கோட்டைப் போர்த்தி, காற்றுப் படாத இடத்தில் உட்காரவைக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிகூட இல்லை என்றால் முகட்டில் நிற்காதீர்கள், மணி பத்தே ஆனாலும் இறங்குங்கள்.

பையில் ஒரு விசில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் சைகை. கத்திக் கத்தித் தொண்டை போய்விடும், விசில் போகாது.

கடைசியாக, கீழே இருக்கும் ஒருவரிடம் போகும் பாதையையும், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். இறங்கியதும் அவருக்கு மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் இறங்கி, குளித்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். கதவைத் தட்டி எழுப்பியவர்கள் என்னைத் தேடி மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள்.