பனியைத் துடைக்கும் கயிறு

பிள்ளையாருக்குச் சார்த்தும் அருகம்புல்லுக்கு இங்கே டர்பனில் 'க்வீக்' என்று பெயர். நாம் சாலையோரத்தில் மிதித்துப் போகிற அந்தப் புல்லையும், தென்னாப்பிரிக்காவுக்கே சொந்தமான அதன் மெல்லிய பங்காளிப் புல் ஒன்றையும் கலந்து பிறந்தவைதான் கோல்ஃப் கிரீன்களில், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள புல்பரப்புகளில், விரித்திருக்கும் பல ரகங்கள். அதைக் கிட்டத்தட்ட தினமும் 3, 4 மில்லிமீட்டருக்கு வெட்டுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அரிசியைப் படுக்கவைத்த உயரம்! அவ்வளவு ஒட்ட வெட்டிய புல் சாப்பாடு தயாரிப்பதே பெரும்பாடு, நோயை எங்கே எதிர்ப்பது?

பக்கத்து வீட்டு அண்ணன் கிரீன்கீப்பர், இந்தப் புல்லைப் பராமரிப்பவர். ஒருநாள் விடியுமுன் என்னைக் கூட்டிப்போய் டார்ச் அடித்துக் காட்டினார். புல்நுனிகளுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி வெண்பஞ்சு. வெயில் ஏறியதும் பஞ்சு மறைந்து, ஐந்து ராண்ட் காசைவிடச் சற்றுப் பெரிய வெளிறிய வட்டம் மட்டும் மிஞ்சும். டாலர் ஸ்பாட் என்கிற புல் நோய் இதுதான். காரணமான பூஞ்சைக்கு 1937இல் வைத்த பெயர் தவறான பேரினத்தில் இருக்கிறது என்று சொல்லி, 2018இல்தான் கிளாரிரீடியா என்று மாற்றினார்கள்.

இது காற்றில் வித்துகளைத் தூவிப் பரவுகிற ரகமல்ல. ஈரமான இலையிலிருந்து பக்கத்து இலைக்கு இழையாகவே ஊர்ந்து போகும். தூரப் பயணத்துக்குச் செருப்பும் புல்வெட்டியும் இருக்கின்றன. அதற்கு வேண்டியது பல மணி நேர ஈரம். காலையில் புல்லில் நிற்பது வெறும் பனி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதில் புல்லே நுனி வழியாகக் கசியவிட்ட நீரும் உண்டு. அதில் சர்க்கரையும் சத்தும் கரைந்திருக்கும். பூஞ்சைக்குத் தண்ணீரோடு பலகாரமும் கிடைத்த மாதிரி.

அதனால் அண்ணனின் முதல் மருந்து ஒரு நீளக் கயிறு. ஆளுக்கொரு முனை பிடித்து கிரீன் மேல் இழுத்தால் துளிகள் உடைந்து, இலை சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம் உரம். தழைச்சத்து குறைந்த புல்லில்தான் இந்த நோய் அதிகம் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கிறார். லேசான ரோலர் ஓட்டினாலும் புள்ளிகள் குறைவதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் காலண்டரைப் பார்த்து, இரண்டு வாரமானால் தெளிப்பார்கள். ஒரே வகைப் பூஞ்சைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதற்கு அசையாதவை மட்டும் பிழைத்துப் பெருகும். பிறகு அந்த மருந்து வெறும் செலவு. இதற்கு மாற்றாக ஸ்மித்–கெர்ன்ஸ் என்று ஒரு கணக்கு வந்திருக்கிறது. கடைசி ஐந்து நாள் சராசரி வெப்பமும் ஈரப்பதமும் கொடுத்தால், நோய் வரும் வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லும். பலர் 20 சதவீதம் தாண்டினால்தான் தெளிப்பானை வெளியே எடுக்கிறார்கள். ஆனால் அது அமெரிக்க கிரீன்களில் வளர்க்கும் 'பென்ட்' என்ற வேறு வகைப் புல்லுக்காகச் செய்த கணக்கு. டர்பனின் பிசுபிசுத்த கோடையில், அருகம்புல் வம்சத்துக்கு அதை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம்தான். உள்ளூர் அனுபவத்தோடு ஒத்துப்பார்த்து அந்த 20 சதவீத எல்லையை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும்.

"மத்த கிரீன்ல எல்லாம் மருந்து பாதியாயிடுச்சு, தம்பி," என்றார் அண்ணன். ஒரே ஒரு கிரீன் மட்டும் பாக்கி. அதன் கிழக்கே ஒரு பெரிய மரம். ஒன்பது மணி வரை அங்கே பனி காயாது. இரண்டு கிளையைக் கழிக்கச் சொல்லி இரண்டு வருஷமாகக் கமிட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நிழல் அழகாக இருக்கிறதாம்.