வங்கியில் குத்திக்காசு மாற்றித் தேடுவது: கொழும்பில் எது உரிமை, எது தயவு

வங்கியில் தாளைக் கொடுத்துக் குத்திக்காசு வாங்கிவந்து, வீட்டில் கொட்டி, பழைய ஆண்டோ அபூர்வமான வடிவமோ அகப்படுகிறதா என்று தேடலாமா? தாராளமாகத் தேடலாம். மாற்றி எடுத்தபின் அது உங்கள் காசு. பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செலவழிக்கலாம், திரும்ப வைப்பிலும் இடலாம். ஆனால் கருமபீடத்தில் நின்று "ஐயாயிரம் ரூபாய்க்குக் குத்தி தந்தே ஆகவேண்டும்" என்று அடம்பிடிக்க வழியில்லை. கையிருப்பு இருந்தால் தருவார்கள், இல்லையென்றால் இல்லை.

இதற்குக் காரணம் குத்தி வரும் பாதை. இலங்கையில் தாளும் குத்தியும் வெளியிடும் அதிகாரம் மத்திய வங்கிக்கு மட்டுமே உண்டு. முன்பு 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் கீழ் இருந்த இந்த அதிகாரம், இப்போது 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. நாட்டில் நாணயச்சாலை கிடையாது. குத்திகள் வெளிநாட்டில் அச்சடிக்கப்பட்டுக் கப்பலில் வருகின்றன. மத்திய வங்கி அவற்றை வர்த்தக வங்கிகளுக்குக் கொடுக்க, கிளைகள் வழியாக நம் கைக்கு வருகின்றன. இதோடு கடைக்காரர்களும் பஸ் முதலாளிமாரும் கொண்டுவந்து போடும் குத்தியும் கிளையில் சேர்கிறது.

தேடுகிறவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகைதான். மத்திய வங்கியிலிருந்து நேரே வந்த முத்திரை உடையாத பொதியில் பெரும்பாலும் ஒரே ஆண்டு, ஒரே வடிவம்தான் இருக்கும். பளபளப்பாக ஒன்றை எடுத்துவைக்க அது நல்லது, தேடுவதற்கு உதவாது. ஆகவே காசாளரிடம் கேட்கும்போது, "வாடிக்கையாளர் போட்ட பழைய குத்தி இருந்தால் போதும், புதுப் பொதி வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். புதுப் பொதியை உடைக்கத் தயங்குகிற காசாளருக்கும் அது நிம்மதி.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வங்கிப் பொதிக்குள் வெள்ளி கிடக்கும் என்று நம்புகிறார்கள். அது அந்த ஊர்க் கதை. அங்கே குத்திகள் காகிதத்தில் உருளையாகச் சுற்றி வரும். ஒரு சதக் குத்தி என்றால் உருளைக்கு ஐம்பது, அரை டொலர் என்றால் இருபது. 1964 வரை அடித்த பத்துச் சத, கால் டொலர் குத்திகளில் 90 வீதம் வெள்ளி. அவை இன்னும் செல்லுபடியாகும் என்பதால் இடைக்கிடை யாருக்காவது அகப்படுகின்றன. நம்முடைய நிலைமை வேறு. இங்கும் விக்டோரியா காலத்திலிருந்து ஆறாம் ஜோர்ஜின் தொடக்க ஆண்டுகள் வரை பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்களில் வெள்ளி இருந்ததுதான். 1919 இலேயே அதன் வெள்ளி 55 வீதமாகக் குறைந்தது, 1943 இல் இருபத்தைந்து சதமும் ஐம்பது சதமும் மஞ்சள் உலோகத்துக்கு மாறின. புத்த ஜயந்திக்காக 1957 ஆம் ஆண்டிட்டு வந்த ஐந்து ரூபாய் வெள்ளிக் குத்தியை யாரும் இன்று வங்கியில் போடப்போவதில்லை. கொழும்பில் உலோகத்துக்காகத் தேடினால் நேரம்தான் வீண். வடிவத்துக்காகத் தேடினால் கை நிறையும்.

அதில் முதலாவது, 2013 ஆம் ஆண்டிட்ட மாவட்டப் பத்து ரூபாய்த் தொடர். இருபத்தைந்து நிர்வாக மாவட்டங்களுக்கும் தலா ஒரு வடிவம். பைக்குள் வந்த ஒவ்வொரு பத்து ரூபாயையும் திருப்பிப் பார்க்காமல் விடக்கூடாது. இருபத்தைந்தையும் கடையில் விலைகொடுத்து வாங்காமல் புழக்கத்திலிருந்தே சேர்ப்பதுதான், என் கணக்கில், இந்தப் பொழுதுபோக்கின் முழுச் சுவை. அப்புறம், சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு 1998 இல் வந்த இரட்டை உலோகப் பத்து ரூபாய். 1996 உலகக் கிண்ண வெற்றியை நினைத்து 1999 இல் அடித்த ஐந்து ரூபாய். இரண்டு ரூபாயில் கொழும்புத் திட்டத்தின் ஐம்பதாம் ஆண்டு (2001), ஊழியர் சேமலாப நிதியத்தின் ஐம்பதாம் ஆண்டு (2008), சாரணர் நூற்றாண்டு (2012). பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தின் உருவத்தோடு அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்காக 1976 இல் வந்த இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் அகப்பட்டால் அது அதிர்ஷ்டம். இவை எல்லாம் ஒரு காலத்தில் சாதாரணமாகக் கைமாறியவை, அதனால்தான் உண்டியல் உடைகிறபோது வெளியே வருகின்றன.

ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும். 2005 இல் வந்த தொடர் உருக்கின் மேல் முலாம் பூசியது, காந்தத்தில் ஒட்டும். 1984 ஆம் ஆண்டின் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் ஒட்டாது. குவியலுக்குள் காந்தத்தை ஓட்டிவிட்டு, மிஞ்சிக் கிடப்பதை முதலில் பாருங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? உங்களுக்குக் கணக்கு இருக்கிற கிளையிலேயே தொடங்குங்கள், முகம் தெரிந்தால் வேலை சுலபம். அரச ஓய்வூதியம் விழும் பத்தாம் திகதியையும் அரச சம்பளம் விழும் இருபத்தைந்தாம் திகதியையும் ஒட்டிய நாட்களில் போகவேண்டாம். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் கடைக்காரர்களே சில்லறைக்கு அலைவார்கள், அந்த நேரத்தில் பொழுதுபோக்குக்காக வரிசையில் நிற்பது அழகில்லை. சிறிய தொகையாகக் கேளுங்கள்: ஐந்து ரூபாய்க் குத்தியில் ஐநூறு ரூபாய் என்றால் நூறு குத்தி, ஒரு மாலைப்பொழுதுக்கு அது தாராளம். கருமபீடத்தை விட்டு நகருமுன் எண்ணிவிடுங்கள். வீட்டுக்குப் போய் "இரண்டு குறைகிறது" என்றால் கேட்க ஆளிருக்காது.

திருப்பிப் போடுவதிலும் ஒரு நாகரிகம் உண்டு. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று வேறாக்கி, எண்ணி, தொகையை எழுதிக் கொடுங்கள். பெருந்தொகைக் குத்தியை வைப்பிலிட எண்ணுகூலி ஏதும் உண்டா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. குத்தி கொடுத்த காசாளரிடமே அதே குத்தியை மறுநாள் கொட்டாமல், அன்றாடச் செலவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுவது இன்னும் நல்லது. பஸ்ஸில் சரியான சில்லறை நீட்டினால் நடத்துனருக்கும் சந்தோஷம்.

உண்மையில் வங்கியைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன. உண்டியல் எண்ணுகிற கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் குத்தியைச் சுமந்து வங்கிக்குக் கொண்டுபோவது பெரிய பாடு. அலுவலகத்தில் போய், "ஐயா, தாள் தருகிறேன், குத்தியாக மாற்றித் தருவீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வருடக்கணக்கில் வீட்டு உண்டியலில் கிடந்த காசு நேர்த்திக்கென்று அங்கே வந்து சேருவதால், பழைய ஆண்டுகளும் அங்கேதான் அதிகம்.

செய்யக்கூடாதது சில உண்டு. குத்தியைத் துளையிட்டுப் பதக்கமாக்குவது, சுரண்டி ஆண்டை மாற்றுவது, முலாம் பூசி வேறு குத்தியாகக் காட்டுவது எல்லாம் சிக்கலை விலைக்கு வாங்கும் வேலை. தண்டனைச் சட்டக்கோவையில் நாணயம் தொடர்பான குற்றங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கள்ளக் குத்தி என்று சந்தேகம் வந்தால் அதை மறுபடி புழக்கத்தில் விடாமல் பொலிசிடமோ வங்கியிடமோ கொடுங்கள்.

புழக்கத்தில் கிடைக்காத ஞாபகார்த்தக் குத்திகளைப் பார்க்க, கோட்டை சத்தாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்திலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குப் போகலாம். அங்கே விற்பனையும் உண்டு. பெட்டியோடு விற்கும் குத்திக்கு முகப்பெறுமதியைவிடக் கூடுதல் விலை இருக்கும். சட்டப்படி அதுவும் செல்லுபடியாகும் காசுதான், ஆனால் கடையிலோ வங்கியிலோ கொடுத்தால் முகத்தில் அடித்த தொகை மட்டுமே பெறும். லாபத்துக்கென்று வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளவேண்டும்.

கிளையில் குத்தி இல்லை என்பது முறைப்பாட்டுக்குரிய விஷயமல்ல. முன்னறிவிக்காத கட்டணம் வெட்டினார்கள், மரியாதையில்லாமல் நடத்தினார்கள் என்றால் அது வேறு. முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம், 1935 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாவட்டப் பத்து ரூபாய் போன்ற இக்காலக் குத்தியும் தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்த ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசும் ஒன்றல்ல. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது, நாணயமும் அதில் அடங்கும். அவற்றை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பழைய காசு எதையும் பயணப்பெட்டியில் வைக்குமுன் கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையிலுள்ள தொல்பொருள் திணைக்களத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.