அரை மில்லிமீட்டர் உடலும் ஒரு கரும்பு வயலும்

கரும்பு நட்ட நான்காம் மாதம் தொடங்கி, இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்துவதற்காகத் தமிழ்நாட்டு உழவர்கள் தோகையின் அடிப்பக்கத்தில் சிறிய அட்டைத் துண்டுகளைப் பொருத்திவைப்பதுண்டு. அந்த அட்டைகளில் ஒட்டப்பட்டிருப்பவை நெல் அந்துப்பூச்சியின் முட்டைகள். ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை என்றால் எண்ணிக்கையில் ஏறக்குறைய 20,000. அவற்றுள் வளர்ந்துகொண்டிருப்பதோ அந்துப்பூச்சி அல்ல, அதன் முட்டையைத் தின்று வளரும் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி. முட்டையோட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவரும்போது அதன் நீளம் அரை மில்லிமீட்டர்தான். தன் சந்ததிக்கு இடம் தேடி அது அடைய வேண்டிய முட்டைக் குவியல் ஒரு மீட்டர் தள்ளி அடுத்த தூரில் இருந்தாலும், அந்தத் தொலைவு அதன் உடல் நீளத்தைப் போல் இரண்டாயிரம் மடங்கு. அட்டையில் எத்தனை முட்டை ஒட்டியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டு வாங்கும் நாம், அவற்றிலிருந்து வெளிவருபவை பறக்கக்கூடியவையா என்று கேட்பதில்லை. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இவ்வளவு சிறிய உடல் பறப்பது, பறவை பறப்பதன் சிறு வடிவம் அன்று. காற்றில் இயங்கும் எதுவும் இரண்டு வகைத் தடையைச் சந்திக்கிறது. ஒன்று, தள்ளப்படும் காற்றின் நிலைமம், அதாவது இருக்கும் நிலையிலிருந்து மாற மறுக்கும் தன்மை. மற்றொன்று, காற்றின் பாகுநிலை, அதாவது அதன் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி உரசும் தன்மை. இவ்விரண்டில் எது எத்தனை மடங்கு மேலோங்குகிறது என்பதை ரெனால்ட்ஸ் எண் காட்டுகிறது. வட்டமிடும் பருந்துக்கு அந்த எண் ஒரு லட்சத்தை ஒட்டியது. ஆகவே அதற்குப் பாகுநிலை பொருட்டே அல்ல, சிறகை விரித்துக் காற்றின் மீது சறுக்கிச் செல்ல முடிகிறது. மிகச்சிறு குளவிகளுக்கோ அது பத்து, இருபது என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. நமக்கு இலேசாகத் தோன்றும் காற்று அவற்றுக்குக் காய்ச்சிய பாகுபோல் கனத்துக் கிடக்கிறது. சிறகடிப்பதை நிறுத்தினால் சறுக்குவதற்கு வழியின்றி அங்கேயே நின்றுபோகும்.

இந்தக் கனத்த காற்றில் மேலே எழும்புவதற்குப் போதிய விசை எங்கிருந்து கிடைக்கிறது என்ற புதிரை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டென்மார்க் நாட்டு உயிரியலாளர் டார்கெல் வைஸ்-ஃபோ 1973இல் அவிழ்த்தார். அவர் ஆராய்ந்தது பசுமைக்குடில்களில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தப் பயன்படும் என்கார்சியா ஃபார்மோசா என்ற ஒட்டுண்ணிக் குளவியை. நாற்பதாயிரம் குளவிகளைச் சேர்த்தால்தான் ஒரு கிராம் தேறும் என்னும்படி எடை குறைந்த அது, நொடிக்குச் சுமார் 400 முறை சிறகடிக்கிறது. விமானச் சிறகுக்குரிய வழக்கமான கணக்கைப் போட்டால் அந்த வேகமும் அதன் எடையைத் தாங்கப் போதாது. அதிவேகப் படச்சுருளில் பதிவுசெய்து பார்த்தபோது, ஒவ்வொரு அடிப்பின் உச்சியிலும் இடப்பக்கச் சிறகுகளும் வலப்பக்கச் சிறகுகளும் முதுகுக்கு மேலே கைதட்டுவதுபோல் ஒன்றோடொன்று ஒட்டுவதும், பிறகு முன்விளிம்பு முதலில் விலக, பின்விளிம்பு சற்றுநேரம் சேர்ந்தே இருக்க, ஒரு புத்தகம் திறக்கப்படுவதுபோல் பிரிவதும் தெரிந்தன.

அந்தப் பிரிவில்தான் விடை இருந்தது. சிறகுகளுக்கிடையே திடீரென உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பக் காற்று முன்விளிம்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்கிறது. இதனால் இரு சிறகுகளையும் சுற்றி ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலோட்டம் உருவாகிறது. தனிச் சிறகொன்று ஓய்விலிருந்து புறப்பட்டால், பின்விளிம்பில் ஒரு தொடக்கச் சுழலைக் கழற்றிவிட்ட பிறகுதான் உயர்த்தும் விசை சிறிது சிறிதாகத் திரளும். இங்கே இரு சுழலோட்டங்களும் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுவதால் அந்தத் தாமதம் இல்லாமல், கீழ்நோக்கிய அடிப்பு தொடங்கும் கணத்திலேயே முழு விசையும் கிடைக்கிறது. நொடிக்கு 400 அடிப்புகளில் தாமதத்துக்கு இடமேது?

நானூறு என்ற இந்த எண்ணிக்கையே வேறொரு வியப்பு. ஒவ்வொரு அடிப்புக்கும் நரம்பு தனித்தனியே ஆணையிட்டு அவ்வளவு விரைவாகத் தசையைச் சுருக்கித் தளர்த்த முடியாது. குளவியின் மார்புக்கூட்டுக்குள் நீளவாக்கில் ஒரு தசைத் தொகுதியும் மேல்கீழாக இன்னொன்றும் இருக்கின்றன. இவை சிறகில் நேரடியாகப் பற்றியிருப்பவை அல்ல. மார்புக்கூட்டையே நெளியவைத்து, அந்த நெளிவால் சிறகை அசைப்பவை. ஒன்று சுருங்கும்போது மற்றது இழுபடுகிறது. இழுபட்ட தசை அந்த இழுப்பாலேயே தூண்டப்பட்டுச் சுருங்குகிறது. ஊஞ்சலை அவ்வப்போது உந்திவிடுவதுபோல நரம்பு இடையிடையே ஒரு துடிப்பை அனுப்பினால் போதும்.

டிரைக்கோகிரம்மாவைவிடச் சிறிய குளவிகள் மைமாரிடே குடும்பத்தில் உண்டு. இவற்றுள் பலவற்றின் சிறகு, படலமாக இருப்பது சுருங்கி, நடுவில் ஒரு குச்சியும் அதைச் சுற்றி நீண்ட மயிரிழைகளுமாக ஒரு சிறு இறகைப்போல் காட்சியளிக்கும். இழைகளுக்கிடையே இத்தனை இடைவெளி இருந்தால் காற்று ஒழுகிவிடாதா என்று தோன்றலாம். ஒவ்வொரு இழையும் தன்னைச் சுற்றிக் காற்றின் ஒரு தடித்த அடுக்கை ஒட்டவைத்துக்கொள்வதால், அருகருகே உள்ள இழைகளின் அடுக்குகள் கலந்து, இடைவெளி பெருமளவு அடைபட்டுவிடுகிறது. ஒட்டிய இரு சிறகுகளைப் பிரிக்கும்போது மட்டும் அந்த இடைவெளி வழியே சிறிது காற்று கசிந்து, பிரிப்பதற்கு வேண்டிய உழைப்பைக் குறைக்கிறது. ஹவாயில் கண்டெடுக்கப்பட்ட கிகிகி ஹுனா என்ற குளவி 0.158 மில்லிமீட்டர் நீளத்தில் இத்தகைய சிறகுகளோடு வாழ்கிறது. அறியப்பட்ட பறக்கும் பூச்சிகளில் அதுவே மிகச் சிறியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குளவி குளத்து நீருக்குள் சிறகுகளைத் துடுப்பாக வீசி நீந்துவதை 1862இலேயே ஜான் லப்பக் இங்கிலாந்தில் கண்டார். அது அங்கே நீர்வண்டுகளின் முட்டைகளைத் தேடிச் செல்கிறது. காற்றுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு இந்த அளவில் எவ்வளவு குறுகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பறப்பதற்குச் சிறகு மட்டும் போதாது, அதை நடத்த மூளையும் வேண்டும். இலைப்பேன் முட்டைகளில் வளரும் மெகாஃப்ராக்மா என்ற குளவியின் உடல் 0.2 மில்லிமீட்டர், அதன் நரம்புச் செல்கள் சுமார் 7,400. தேனீக்கு இவை பத்து லட்சத்தை நெருங்கும். வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் அந்தச் செல்களிலும் பெரும்பாலானவை தம் உட்கருவை இழந்து இடத்தை மிச்சப்படுத்துகின்றன என்பதை ரஷ்ய ஆய்வாளர் அலெக்ஸி போலிலோவ் 2012இல் காட்டினார். உட்கரு இல்லாத நரம்புகளைக் கொண்டு அது சில நாள்கள் பறந்து, உணவுண்டு, ஓம்புயிரியை, அதாவது தன் சந்ததி வளர இடம்தரும் உயிரியை, கண்டுபிடித்து முட்டையிடுகிறது.

இத்தனைக்கும் மூலதனம் அது வளர்ந்த முட்டை ஒன்றே. தாய்க்குளவி எந்த முட்டையில் இட்டதோ அதற்குள் இருப்பதைக் கொண்டே சிறகும் தசையும் கொழுப்பும் உருவாக வேண்டும். வளர்ந்தபின் உண்ணும் தேனைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கும் திறன் பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இல்லை. 1930களில் ஜார்ஜ் சால்ட் கேம்பிரிட்ஜில் செய்த ஆய்வு இந்த உறவைத் தெளிவாக்கியது. டிரைக்கோகிரம்மா செம்ப்ளிடிஸ் இனத்தின் ஆண், அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தால் சிறகோடு பிறக்கிறது. சியாலிஸ் என்ற நீரோரப் பூச்சியின் முட்டையில் வளர்ந்தால் சிறகில்லாமல் பிறக்கிறது. ஓர் இனத்தின் பறக்கும் தன்மையையே அதன் தொட்டில் மாற்றிவிடுகிறது.

ஆகவே ஆய்வுக்கூடத்தில் குளவி வளர்ப்போருக்கு இது வெறும் விந்தைச் செய்தி அன்று. ஒரே முட்டைக்குள் அளவுக்கு மீறிக் குளவிகள் வளர்ந்தால் சிறகு சுருண்டவையும் குறுகியவையும் மிகும். அட்டைகளைக் குளிர்பெட்டியில் நெடுநாள் வைத்தால், வெளிவந்தும் பறக்க இயலாதவை பெருகும். இதைச் சோதிக்க ஓர் எளிய கருவி உண்டு. இருண்ட உருளை ஒன்றின் அடியில் அட்டையை வைத்து, சுவரில் சற்று உயரத்தில் பசை வளையம் பூசி, மேலே பசை தடவிய ஒளிபுகும் மூடியிடுவர். ஒளியை நாடிப் பறப்பவை மூடியில் ஒட்டும். நடந்தே ஏறுபவை வளையத்தில் சிக்கும். சிறகு குறைப்பட்டவை அடியிலேயே கிடக்கும். மூன்றையும் எண்ணினால் அந்த அட்டையின் உண்மையான மதிப்பு தெரிந்துவிடும். உள்ளே குளவி வளர்வதால் முட்டை கறுத்திருப்பதையும் குளவி வெளிவந்திருப்பதையும் பார்த்து மனநிறைவு கொள்வது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நன்றாகப் பறக்கும் குளவியும் பலமான காற்றை எதிர்த்துச் செல்ல முடியாது. இலைகளை ஒட்டி அடங்கிக் கிடக்கும் காற்றில் அது சிறு சிறு தாவல்களாகத் தேடுகிறது. அட்டைகளை ஒரே இடத்தில் குவிக்காமல் வயல் முழுதும் பரவலாகக் கட்டச் சொல்வதும் இதன் பொருட்டே. ஐரோப்பாவில் முட்டைக்கோசு வெண்ணிறப் பட்டாம்பூச்சியைத் தேடும் டிரைக்கோகிரம்மா பிராசிகே இன்னொரு வழியைக் கண்டுள்ளது. இணைசேரும்போது ஆண் பட்டாம்பூச்சி, வேறு ஆண்கள் நெருங்காதிருக்கப் பென்சைல் சயனைடு என்ற மணப்பொருளைப் பெண்ணின் மீது விட்டுச்செல்கிறது. அந்த மணத்தைக் கொண்டு, விரைவில் முட்டையிடப்போகும் பெண்ணைக் குளவி அடையாளம் காண்கிறது. அதன் மேல் ஏறி, தன் சிறகால் ஒருபோதும் கடக்கவியலாத தொலைவைக் கடக்கிறது. பட்டாம்பூச்சி இலையில் அமர்ந்து முட்டையிட்டதும் இறங்கி, அந்த முட்டையின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்க்கிறது. அந்த நடைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் கொண்டு முட்டையின் பருமனை அளந்து, அதற்குள் தன் முட்டைகள் எத்தனை இடலாம் என்று முடிவுசெய்கிறது. அடுத்த தலைமுறையின் சிறகளவும் அந்த முடிவில்தான் தீர்மானமாகிறது.