சிட்டிசன் ஆனவங்களுக்கே "நீங்க சிட்டிசனா?"ன்னு லெட்டர் வந்த கதை

டெக்சாஸ்ல இமிகிரேஷன் லாயரா இருக்கேன். அமெரிக்க சிட்டிசனா உறுதிமொழி (ஓத்) எடுத்துட்டு வர்ற நம்மாளுங்ககிட்ட நான் மொதல்ல கேக்குறது, டிரைவர் லைசென்ஸ் எப்ப எடுத்தீங்கன்னுதான். கிரீன் கார்டுல இருந்தப்ப எடுத்தது சார், இன்னும் எக்ஸ்பையர் ஆகலயேன்னு சொல்வாங்க, அங்கதான் சிக்கலே.

2019 ஜனவரில நடந்தது ஞாபகம் இருக்கா? அப்ப ஸ்டேட்டோட எலெக்‌ஷன் பொறுப்புல இருந்த செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் டேவிட் விட்லி, வோட்டர் லிஸ்ட்ல சிட்டிசன் இல்லாதவங்க 95,000 பேர் இருக்கலாம்னு அறிவிச்சாரு, அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் உடனே ட்விட்டர்ல கள்ள ஓட்டுன்னு அலாரம் அடிச்சாரு, டிரம்ப்பும் சேந்துக்கிட்டாரு. லிஸ்ட்டை எப்படி எடுத்தாங்கன்னு பாத்தா, லைசென்ஸ் எடுக்குறப்ப கிரீன் கார்டு, விசா காட்டுனவங்களோட பழைய ரெக்கார்டுதான்! அதுக்கப்புறம் சிட்டிசன் ஆனவங்களைக் கழிக்கணும்னு கூட தோணல. சில நாள்லயே சுமார் 25,000 பேர் தப்பா சேந்துட்டாங்கன்னு அவங்களே கவுண்டிங்களுக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, வோட்டர் லிஸ்ட்டை வச்சிருக்கறது இவங்கதான்) சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுக்குள்ள சில கவுண்டில லெட்டர் போயிருச்சு, 30 நாள்ல ப்ரூஃப் காட்டலன்னா பேர் கேன்சல்னு. இதை எதிர்த்துக் கேஸ் போட்டாங்க, ஃபெடரல் ஜட்ஜ் தடுத்தாரு, ஏப்ரல்ல ஸ்டேட் பின்வாங்கி கேஸ் போட்டவங்களோட வக்கீல் செலவு 4,50,000 டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு.

இதுல நம்மாளுங்க கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. விட்லி மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்ல, கவர்னர் கிரெக் அபட் நியமிச்சவர், அந்த நியமனம் உறுதியாக ஸ்டேட் செனட்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், டெமாக்ராட் செனட்டர்ங்க குடுக்கல, மே மாசம் ராஜினாமா பண்ணிட்டுப் போனாரு. நாம என்ன பண்றோம், பிரெசிடென்ட்டுக்குப் போட்டுட்டு ஸ்டேட் செனட் வந்தா யாருன்னே தெரியலன்னு காலியா விட்டுடறோம். பொங்கல் விழாவுக்கு வந்து சால்வை போத்திக்கிட்டு போட்டோ எடுத்துக்கற ஸ்டேட் செனட் வேட்பாளர்கிட்ட எச்1பி பத்தி கேப்போம், அது அவங்க கைல இல்லவே இல்ல. வோட்டர் லிஸ்ட்ல இருந்து பேர் எடுக்குறதுல உங்க நிலைப்பாடு என்னன்னு கேளுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, மழுப்புனா எனக்கு அந்த ஆளு வேணாம்.

65 தாண்டுன அப்பா அம்மா தபால்ல ஓட்டுப் போடறாங்கன்னா இன்னொண்ணு. 2021ல டெக்சாஸ்ல வந்த எஸ்பி 1ங்கற தேர்தல் சட்டப்படி கவர்ல லைசென்ஸ் நம்பரோ சோஷியல் செக்யூரிட்டியோட கடைசி நாலு நம்பரோ எழுதணும், அது ரெஜிஸ்ட்ரேஷன்ல இருக்கறதோட ஒத்துப்போகணும். அந்த எடம் கவரோட மூடிக்கு அடியில இருக்கு, கண்ணுலயே படாது. 2022 மார்ச் பிரைமரில (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற தேர்தல்) தபால் ஓட்டுல கிட்டத்தட்ட 12% தள்ளுபடி ஆச்சு. ரெண்டு நம்பரையும் எழுதிருங்க.

லைசென்ஸ் ஆபீஸ்ல சிட்டிசன்னு ரெக்கார்டை மாத்துங்க. எலெக்‌ஷனுக்கு 30 நாளைக்கு முன்னாடியே ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சிரும், அதனால பேர் இருக்கான்னு அதுக்கும் முன்னாடி பாருங்க. கவுண்டில இருந்து லெட்டர் வந்தா விளம்பரம்னு தூக்கிப் போடாம பிரிச்சுப் பாத்து, பாஸ்போர்ட் காப்பியோட உடனே பதில் அனுப்புங்க.